தூக்கிவிட வேண்டாம், ஏற வழி செய்யுங்க!

(தகவல் தொழில்நுட்ப அணியின் மாவட்டப் பயிற்சி முகாமில் நம் அணித் தன்னார்வலர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். கொஞ்சம் நீளம்தான். முழுசா படிங்க, உங்க கிளை வாட்ஸ்அப் குழுவுல பகிருங்க.)



எனக்கு முன்னாடி பேசின தோழர்கள் ரீல்ஸ் எப்படி எடுக்கணும், பொய்ச் செய்திக்கு எப்படிப் பதில் கொடுக்கணும்னு அருமையா சொல்லிட்டாங்க. நான் பேசப்போறது ஒரு வண்டியைப் பத்தி. நம்ம பிரச்சார வண்டி. படிச்சது மெக்கானிக்கல் இன்ஜினியரிங். நாலு வருஷம் படிச்சது கட்சிக்கு ஒரு நாளாவது பயன்படட்டுமேன்னுதான் இந்தத் தலைப்பைக் கேட்டு வாங்கினேன்.

முதல்ல உங்ககிட்ட ஒரு கேள்வி. உங்க கிளையில சக்கர நாற்காலியில இருக்கிற உறுப்பினர் எத்தனை பேர்? மனசுக்குள்ள எண்ணிப் பாருங்க. அவங்கள்ல எத்தனை பேர் போன தேர்தல்ல நம்ம பிரச்சார வண்டியில ஏறினாங்க?

ரெண்டாவது கேள்விக்கு இந்த அரங்கம் அமைதியாயிடுச்சு. அந்த அமைதியைப் பத்தித்தான் பேச வந்திருக்கேன்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி இந்தியாவில் மாற்றுத்திறனாளிகள் 2.68 கோடி பேர். தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். இது பழைய கணக்கு. விபத்துல முதுகுத்தண்டு அடிபட்டவங்க, பக்கவாதம் வந்தவங்க, வயசாகி நடக்க முடியாம போனவங்கன்னு வருஷா வருஷம் ஆட்கள் சேர்ந்துக்கிட்டேதான் இருக்காங்க. இவங்க எல்லாருக்கும் ஓட்டு இருக்கு. கருத்து இருக்கு. நம்மைவிட அதிகமா கோபமும் இருக்கு. ஆனா கூட்டத்துக்கு வர வண்டி இல்ல. இருக்கிற வண்டியில ஏற முடியல.

அரசியல்வாதிக்குச் சக்கர நாற்காலி புதுசு இல்ல தோழர்களே. அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டுக்கு 1921-ல், 39 வயசுல, கால்கள் செயலிழந்தன. அதுக்கப்புறம்தான் அவர் நாலு முறை அதிபர் தேர்தல்ல ஜெயிச்சார். கால் வேலை செய்யாததால கையாலேயே பிரேக், கிளட்ச் போடுற மாதிரி மாற்றி அமைச்ச 1936-ஆம் வருஷத்து ஃபோர்டு கார் அவர்கிட்ட இருந்துச்சு. இன்னிக்கும் ஹைட் பார்க் அருங்காட்சியகத்துல அது இருக்கு. நம்ம மாநிலத்துலயே கலைஞர் கருணாநிதி 2016 தேர்தலுக்கு 91 வயசுல, சக்கர நாற்காலியில இருந்தபடியே ஊர் ஊரா பிரச்சாரம் செஞ்சார். நாற்காலியோட ஏறி இறங்குற மாதிரி வண்டியை மாத்தியிருந்தாங்க. எந்தக் கட்சிக்காரரா இருந்தாலும் இதை மறுக்க முடியாது.

அப்போ விஷயம் என்ன? பெரிய தலைவர்னா வண்டி மாறுது. கிளைச் செயலாளருக்கு மாறுறதில்ல. தொழில்நுட்பம் இல்லாம இல்ல; நூறு வருஷமா இருக்கு. ‘இவருக்காக இவ்வளவு செய்யணுமா’ங்கிற நினைப்புதான் தடை. அந்த நினைப்பை உடைக்காம சமத்துவம் பேசி என்ன பயன்?

"அதுக்கென்ன தம்பி, நாலு பேர் சேர்ந்து தூக்கி வச்சிடலாம்"னு சொல்வீங்க. தெரியும். எல்லா ஊர்லயும் இதைத்தான் சொல்றாங்க. பாசத்துலதான் சொல்றாங்க. ஆனா கேளுங்க.

முதுகுத்தண்டு பாதிச்ச பலருக்கு இடுப்புக்குக் கீழ உணர்ச்சி இருக்காது. வண்டிக் கதவுல உரசி தோல் கிழிஞ்சாகூட அவங்களுக்குத் தெரியாது. அது புண்ணாகி, ஆற மாசக்கணக்காகும். சிலருக்கு சிறுநீர்க் குழாய் போட்டிருக்கும். தூக்கும்போது அது இழுபடும். நடக்காத கால்ல எலும்பு பலவீனமா இருக்கும். தப்பா பிடிச்சா உடையும். கக்கத்துல கை கொடுத்துத் தூக்கினா தோள்பட்டை போயிடும். அவங்களுக்குத் தோள்தான் கால். தோள் போனா எல்லாமே போச்சு.

இது உடம்புக் கணக்கு. மானக் கணக்கு தனி. எங்க ஒன்றியத்துல ஒரு அண்ணன் இருக்கார். சின்ன வயசுலயே போலியோ. கட்சிக்கு வந்து முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. அவர் பகுதியில எந்தத் தெருவுல யார் வீட்ல எத்தனை ஓட்டுன்னு வாக்காளர் பட்டியலைப் பார்க்காம சொல்வார். ஒரு பிரச்சாரத்துல பசங்க ஆர்வத்துல அவரைத் தூக்கப் போனப்போ சொன்னார்: "நான் அரிசி மூட்டை இல்ல தம்பி. பத்து பேர் முன்னாடி என்னைத் தூக்கி வச்சீங்கன்னா, அதுக்கப்புறம் நான் என்ன பேசினாலும் அவனுங்க கண்ணுல நான் தூக்கி வச்ச ஆளாத்தான் இருப்பேன்."

அன்னிக்கு அவர் வண்டியில ஏறல. கீழேயே இருந்துட்டார். அப்புறம் ஒரு நாள் அவரே வழியும் சொன்னார். அவங்க ஊர் ரைஸ் மில்லுல லாரியில மூட்டை ஏத்த ஒரு மேடை இருக்கும். வண்டியை ரிவர்ஸ்ல கொண்டுவந்து மேடையோட ஒட்டி நிறுத்திட்டா, மூட்டையைத் தூக்கவே வேண்டாம், நகர்த்தினா போதும். "மூட்டைக்கே மேடை கட்டியிருக்கான். மனுஷனுக்குக் கட்ட மாட்டீங்களா?"ன்னு கேட்டார்.

இன்ஜினியரிங் காலேஜ்ல கிடைக்காத பாடம் அது. அந்த மேடையில இருந்துதான் நம்ம கணக்கு தொடங்குது. டேப் எடுத்துக்கங்க.

பொலிரோ மாதிரி உயரமான வண்டி, பிக்கப் வண்டி, நம்ம குட்டி யானை, டெம்போ ட்ராவலர், எதுவா இருந்தாலும் முதல்ல அளந்து பாருங்க. தரையில இருந்து வண்டி சீட் எவ்வளவு உயரம்? தரையில இருந்து சக்கர நாற்காலியோட சீட் எவ்வளவு உயரம்? கதவைத் திறந்தா எவ்வளவு அகலம், உட்கார்ந்த ஆளோட தலை மேல இடிக்குமா? நாற்காலி எவ்வளவு எடை, ஆள் எவ்வளவு எடை?

சாதாரணமா மடக்குற நாற்காலியோட சீட் 19, 20 அங்குல உயரத்துல இருக்கும். நாற்காலி 20 கிலோவுக்குள்ள இருக்கும். பேட்டரி நாற்காலின்னா எடை பல மடங்கு. ஒரு உதாரணத்துக்கு வண்டி சீட் 31 அங்குலம், நாற்காலி சீட் 20 அங்குலம்னு வைங்க. வித்தியாசம் 11 அங்குலம். கை பலத்துல உடம்பை நகர்த்துறவங்களுக்குச் சமதளத்துல நகர்றது சுலபம். 11 அங்குலம் மேல ஏர்றது மலை ஏர்ற மாதிரி.

உடனே எல்லாரும் சொல்ற தீர்வு: "ரெண்டு பலகையைப் போட்டு வண்டிக்குள்ள தள்ளிடலாம்." கணக்குப் பார்ப்போம். சாய்தளத்துக்கு உலகம் முழுக்க ஏத்துக்கிட்ட அளவு 1-க்கு 12. ஒரு அங்குலம் ஏற, 12 அங்குல நீளம் வேணும். வண்டித் தளம் 30 அங்குல உயரம்னா சாய்தளம் 30 அடி நீளம் வேணும். நீங்க போடுற பலகை 6 அடி. அதோட சரிவு கிட்டத்தட்ட 25 டிகிரி. அதுல தள்ளினா நாற்காலி பின்னாடி மல்லாந்து விழும். தள்ளுறவர் மேலயே விழும். தயவுசெஞ்சு அந்த வேலை வேண்டாம்.

இங்கதான் ரைஸ் மில் மேடை வருது. ஆள் வண்டி சீட்ல உட்காரப் போறார்னா, நாற்காலியை வண்டிக்குள்ள ஏத்தவே வேண்டாம். நாற்காலி சீட்டும் வண்டி சீட்டும் ஒரே மட்டத்துக்கு வந்தா போதும். அதாவது 11 அங்குல உயரத்துக்கு ஒரு மேடை. அதுக்குச் சாய்தளம் 11 அடி. 30 அடி எங்க, 11 அடி எங்க? நம்ம கேள்வியை மாத்தினதும் விடையும் சின்னதாயிடுச்சு.

எங்க ஒன்றியத்துல செஞ்சதைச் சொல்றேன். ஊர் வெல்டிங் பட்டறையில ஸ்கொயர் டியூப் வச்சு 5-க்கு 5 அடி மேடை. நாற்காலி திரும்ப அந்த இடம் வேணும். மேல வழுக்காத செக்கர் பிளேட். சாய்தளம் 3 அடி அகலம், ரெண்டு துண்டு, ஒவ்வொண்ணும் ஐந்தரை அடி. வண்டியோட பின்னாடியே போட்டுக்கிட்டுப் போகலாம். ரெண்டு ஓரத்துலயும், மேடையோட திறந்த பக்கங்கள்லயும் 2 அங்குலத் தடுப்பு, சக்கரம் இறங்கிடாம இருக்க. துண்டுகள் கழண்டுக்காம பின் போட்டுப் பூட்டணும். முதல் நாள் நாலஞ்சு பேர் மேல ஏறி நின்னு, குதிச்சுப் பார்த்துட்டுத்தான் அந்த அண்ணனையே கூப்பிட்டோம். அவர் பார்த்து மூணு திருத்தம் சொன்னார். மூணும் சரி. அதனால உங்க ஊர்லயும் வரைபடம் போடுறதுக்கு முன்னாடியே, அதுல ஏறப்போறவரை உட்கார வச்சுப் பேசுங்க.

ஏர்ற முறை இதுதான். வண்டியைச் சமதளத்துல நிறுத்தி, இன்ஜினை அணைச்சு, ஹேண்ட் பிரேக் போட்டு, கியர்ல விடுங்க. கதவு முழுசா திறக்கட்டும். நாற்காலியைச் சீட்டுக்கு ஒட்டிக் கொஞ்சம் சாய்வா நிறுத்தி ரெண்டு பிரேக்கும் போடுங்க. வண்டிப் பக்கம் இருக்கிற கைப்பிடியைக் கழட்டுங்க, கால் வைக்கிற தட்டை ஒதுக்குங்க. நாற்காலிக்கும் சீட்டுக்கும் நடுவுல இருக்கிற இடைவெளியில, வழவழப்பா இழைச்ச ஒரு பலகையைப் பாலம் மாதிரி வைங்க. அவர் அதுல உட்கார்ந்து நகர்ந்து உள்ள போவார். நீங்க என்ன செய்யணும்? பக்கத்துல நில்லுங்க. அவர் கேட்டா மட்டும், அவர் சொல்ற இடத்துல கை கொடுங்க. போனைப் பாக்கெட்ல வைங்க. அது ரீல்ஸ் எடுக்கிற நேரம் இல்ல. நம்ம அணிக்கு இதை அழுத்திச் சொல்றேன்: அவர் மைக் பிடிச்சுப் பேசுறதை எடுங்க, ஏர்றதை எடுக்காதீங்க.

கைல பலம் இல்லாதவங்களுக்கு இந்த முறை சரிவராது. அவங்களுக்கு வேற வழிகள் இருக்கு. ஒண்ணு, கதவுப் பக்கம் திரும்பி வெளியே வர்ற சீட். சில வகைகள் மோட்டார்ல கீழயும் இறங்கும். ரெண்டாவது, வண்டிக்குப் பின்னாடி ஹைட்ராலிக் லிஃப்ட். கனமான சரக்கு இறக்குற லாரிகள்ல பார்த்திருப்பீங்க, அதே தத்துவம்தான். ஆனா சரக்கு லிஃப்டை அப்படியே மாட்டக் கூடாது. நாற்காலி உருண்டு விழாம ஓரத்தடுப்பு, பிடிச்சுக்கக் கைப்பிடி, பேட்டரி இறங்கினா கையால பம்ப் அடிச்சு இறக்குற வசதி, இந்த மூணும் இருக்கணும். இதுக்குச் செலவு அதிகம். மாவட்டத்துக்கு ஒரு வண்டியாவது இப்படி இருக்கணும்னு தலைமைக்கு இந்த மேடையில இருந்தே கோரிக்கை வைக்கிறேன்.

நாற்காலியில உட்கார்ந்தபடியே பயணம்னா இன்னும் கவனம் வேணும். நாற்காலி முன்பக்கம் பார்த்தபடி இருக்கணும். முன்னாடி ரெண்டு, பின்னாடி ரெண்டுன்னு நாலு இடத்துல பெல்ட் போட்டு வண்டித் தளத்தோட கட்டணும். ஆளுக்குத் தனியா மடியிலயும் தோள்லயும் பெல்ட். நாற்காலியைக் கட்டின பெல்ட் ஆளைக் காப்பாத்தாது. கயிறு போட்டுக் கட்டுறதெல்லாம் பாதுகாப்பே இல்ல. சாதாரண ஆஸ்பத்திரி நாற்காலி விபத்து அதிர்ச்சியைத் தாங்கச் செஞ்சதும் இல்ல. அதனால வண்டி சீட்டுக்கு மாற முடிஞ்சவங்க மாறிடுறதுதான் நல்லது.

ஏன் இவ்வளவு சொல்றேன்? 40 கிலோமீட்டர் வேகத்துல போற வண்டி எதுலயாவது மோதினா, உள்ள கட்டாம இருக்கிற ஆளுக்கு அது சுமார் 20 அடி உயரத்துல இருந்து கீழ விழுறதுக்குச் சமம். ரெண்டு மாடி. பிளஸ் டூ பிசிக்ஸ்தான், போட்டுப் பாருங்க. மடக்கி வச்ச நாற்காலியும் பறந்து வரும். அதையும் கட்டுங்க. அதே காரணத்துக்காக, சரக்கு வண்டியோட திறந்த பின்பகுதியில சக்கர நாற்காலியை நிறுத்தி ஊர்வலம் போறது வேண்டவே வேண்டாம். சரக்கு வண்டியில ஆள் ஏத்துறது சட்டப்படியும் தப்பு.

சட்டம்னு சொன்னதும் சிலருக்குச் சந்தேகம்: "வண்டியை மாத்தினா ஆர்டிஓ பிடிப்பாரே?" மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52 வண்டியோட அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தத் தடை போடுது, உண்மை. ஆனா 2019 திருத்தத்துக்குப் பிறகு, மாற்றுத்திறனாளி பயன்பாட்டுக்காகச் சொந்த வண்டியை மாத்திட்டு, அதுக்குப் பிறகு பதிவு அதிகாரிகிட்ட ஒப்புதல் வாங்கிக்கலாம்னு அதே பிரிவுலயே வழி இருக்கு. அரசு விதிச்ச நிபந்தனைகளுக்கு உட்பட்டுத்தான் மாத்தணும். வேலை ஆரம்பிக்கும் முன்னாடியே ஆர்டிஓ ஆபீஸ்ல கேட்டுக்கங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல தெரிவிச்சிடுங்க. தனியா எடுத்து வைக்கிற மேடையும் சாய்தளமும் வண்டியோட பாகமே இல்ல. அதை நாளைக்கே செய்யலாம்.

அடுத்து, நம்ம உரிமை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தோட பிரிவு 41 போக்குவரத்தைப் பத்திப் பேசுது. புது வண்டி மட்டும் இல்ல, முடிஞ்ச இடத்துல பழைய வண்டிகளையும் மாத்தணும்னு சொல்லுது. பிரிவு 11 எல்லா வாக்குச்சாவடியும் அவங்க வந்துபோற மாதிரி இருக்கணும்னு சொல்லுது. 2024 நவம்பர்ல ரஜிவ் ரதுரி வழக்குல உச்ச நீதிமன்றம், அணுகல் வசதி வெறும் பரிந்துரையா இருக்கக் கூடாது, கட்டாயமான குறைந்தபட்ச விதிகள் வேணும்னு தெளிவா சொல்லிடுச்சு.

பேருந்தையும் பாருங்க. சாதாரண பஸ்ஸோட தளம் 90 சென்டிமீட்டர் உயரம். தாழ்தளப் பேருந்துன்னா 40 சென்டிமீட்டர். அந்த 50 சென்டிமீட்டருக்காக மாற்றுத்திறனாளிகள் வருஷக்கணக்கா கோர்ட் படி ஏறினாங்க. அதுக்குப் பிறகுதான் 2024-ல் சென்னையில தாழ்தளப் பேருந்துகள் திரும்ப ஓட ஆரம்பிச்சது. அரசாங்கத்தைப் பார்த்து நாம கேள்வி கேட்போம், கேட்கணும். ஆனா கேட்கிறதுக்கு முன்னாடி நம்ம வண்டி எப்படி இருக்குன்னு நாலு பேர் திருப்பிக் கேட்டா, பதில் இருக்கணும்ல?

இன்னொண்ணு. ஏத்திட்டா வேலை முடிஞ்சதுன்னு நினைக்காதீங்க. போற இடத்துல இறக்கணும். மேடையும் சாய்தளமும் கூடவே போகணும். கூட்ட மேடை 4 அடி உயரம்னா அதுக்கு 48 அடி சாய்தளம் வேணும்; அதனால மேடையையே தாழ்வா போடச் சொல்லுங்க, இல்லேன்னா பேச்சாளர்கள் எல்லாரும் கீழ இறங்கி நின்னு பேசட்டும். அடுத்தது கழிப்பறை. நாற்காலி நுழையுற கழிப்பறை இல்லைன்னு காலையில இருந்து தண்ணியே குடிக்காம கூட்டத்துக்கு வர்றவங்க இருக்காங்க. வெயில் காலத்துல எட்டு மணி நேரம் தண்ணி குடிக்காம உட்கார்ந்து நம்ம தலைவர் பேச்சைக் கேட்கிறாங்க தோழர்களே. அந்த விசுவாசத்துக்கு நாம என்ன மரியாதை செய்யுறோம்?

அதனால இந்த முகாம்ல இருந்து போகும்போது ஒவ்வொரு கிளையும் எடுத்துக்கிட்டுப் போக வேண்டிய வேலை:

👉 உங்க பகுதியில சக்கர நாற்காலி, ஊன்றுகோல் பயன்படுத்துற உறுப்பினர்கள் யாருன்னு நேர்ல போய்ப் பார்த்துப் பேசுங்க. அவங்க சம்மதம் இல்லாம பெயரையோ போட்டோவையோ குழுவுல போடாதீங்க.

👉 அவங்ககிட்ட நாலு கேள்வி கேளுங்க: நாற்காலியில இருந்து சீட்டுக்கு நீங்களா மாறுவீங்களா? எந்தப் பக்கம் வசதி? யார் உதவி வேணும்? எதைச் செய்யவே கூடாது?

👉 உங்க பிரச்சார வண்டியை அளந்து, வித்தியாசம் எவ்வளவுன்னு குறிச்சுக்கங்க. அதை வச்சு மேடை செய்யச் சொல்லுங்க.

👉 அடுத்த கூட்டத்துக்கு இடம் பார்க்கும்போதே வாசல் படி, கழிப்பறை, வண்டி நிறுத்துற தரை மூணையும் பாருங்க.

👉 வாக்குப்பதிவு அன்னிக்கு மட்டும் வண்டி அனுப்பாதீங்க. கிளைக் கூட்டத்துக்கும் அனுப்புங்க. ஓட்டுப் போட மட்டும் கூப்பிடுறதும், பேசக் கூப்பிடுறதும் ஒண்ணு இல்ல.

செலவுக்கு எங்க போறதுன்னு கேட்பீங்க. ஒரு கூட்டத்துக்கு வைக்கிற ஃப்ளெக்ஸ் பேனர் செலவை எடுத்து வச்சுப் பாருங்க. அந்தப் பேனர் மறுநாளே குப்பைக்குப் போகுது. இந்த மேடை பத்து வருஷம் உழைக்கும். "எங்க போட்டோ இல்லாம ஒரு பேனர் குறையட்டும், அந்தக் காசுல மேடை செய்யுங்க"ன்னு சொல்ற நிர்வாகி யாரோ, அவருக்கு நம்ம அணி தனிப் பதிவே போடும். இது என் வாக்குறுதி. (கைதட்டல்)

எங்க ஒன்றியத்துல அந்த அண்ணன் இப்போ முன் சீட்ல உட்கார்ந்துதான் வர்றார். மைக் அவர் கையில. தெருத் தெருவா, வீட்டுக்காரங்க பேரைச் சொல்லிக் கூப்பிட்டு ஓட்டுக் கேட்கிறார். டிரைவர்கிட்ட "இந்தச் சந்துல திருப்பு, இங்க நமக்கு நாப்பது ஓட்டு இருக்கு"ன்னு வழியும் அவர்தான் சொல்றார். முப்பது வருஷமா அந்த அறிவு கீழ நின்னுக்கிட்டிருந்துச்சு. 11 அங்குலம்தான் குறுக்க இருந்துச்சு.

உங்க ஊர்ல எத்தனை அங்குலம்னு அளந்து பாருங்க. அளவையும், செஞ்ச மேடையோட போட்டோவையும் கமெண்ட்ல போடுங்க. எந்த வண்டியா இருந்தாலும் சரி, கணக்குப் போட்டுக் கொடுக்க நான் தயார்.



#ஏறவழிசெய்வோம் #எல்லோருக்குமானவண்டி #மாற்றுத்திறனாளிகள்உரிமை